முகத்துக்கும் கொலுசுக்கும் ஒரே லென்ஸ் போதுமா? – கேமரா கேள்வி பதில்

கேள்வி: வணக்கம். கேனான் 1500 டி கேமராவை 18-55 கிட் லென்ஸோடு வாங்கினோம். வீட்டில் பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. அவளுடைய கால் விரல், கொலுசு, உள்ளங்கை இதையெல்லாம் நெருக்கமாக எடுக்க ஆசை. அப்புறம் தாத்தா பாட்டி மடியில் அவளை வைத்து, பின்னணி மங்கலாகத் தெரிகிற மாதிரிப் படங்களும் வேண்டும். கடைக்காரர் 50 மி.மீ. எஃப் 1.8 வாங்குங்கள், இரண்டுக்கும் அதுவே போதும் என்கிறார். சித்தப்பா மகன், மிக நெருக்கமாக எடுப்பதற்கென்றே இருக்கும் மேக்ரோ லென்ஸ்தான் சரி என்கிறான். கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும். எதை வாங்கட்டும்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: 50 வாங்குங்கள். ஆனால் முகங்களை எடுப்பதற்காக வாங்குங்கள். கால் விரலை எடுப்பதற்கான லென்ஸ் ஏற்கெனவே உங்கள் கேமராவில் மாட்டித்தான் இருக்கிறது.

லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் எஃப் எண்ணைப் (எண் சின்னதாக ஆக லென்ஸ் அகலமாகத் திறக்கும், வெளிச்சம் கூடும்) பார்க்கிறார்கள், விவரப் பட்டியலில் அதற்குக் கீழே இருக்கும் இரண்டு எண்களை விட்டுவிடுகிறார்கள். ஒன்று, எவ்வளவு கிட்டே வரை போனால் ஃபோகஸ் ஆகும் என்கிற குறைந்தபட்சத் தூரம். இன்னொன்று, அந்தத் தூரத்தில் கிடைக்கிற உருப்பெருக்கம், அதாவது பொருளின் நிஜ அளவில் எத்தனை பங்காக அதன் பிம்பம் சென்சாரில் (படத்தைப் பதிக்கும் சில்லில்) விழுகிறது என்பது. கேனான் 50 எஃப் 1.8 எஸ்.டி.எம். லென்ஸுக்கு இவை 35 செ.மீ., 0.21 மடங்கு. 1500 டியோடு வழக்கமாக வருகிற 18-55 எஃப் 3.5-5.6 ஐ.எஸ். இரண்டாம் பதிப்புக்கு 25 செ.மீ., 0.34 மடங்கு. அதாவது கிட்டே போய் எடுப்பதில் கிட் லென்ஸ்தான் 50-ஐ விடக் கெட்டி.

இதைச் சென்டிமீட்டரில் பார்த்தால் இன்னும் தெளிவாக இருக்கும். உங்கள் கேமரா சென்சாரின் அகலம் 22.3 மி.மீ. அதை உருப்பெருக்கத்தால் வகுத்தால், படத்தின் அகலத்துக்குள் எவ்வளவு இடம் அடங்கும் என்று தெரிந்துவிடும். 50 லென்ஸில் எவ்வளவு முட்டி மோதினாலும் சுமார் பத்தரை செ.மீ. இடம் படத்துக்குள் வந்துவிடும். இரண்டு மாதக் குழந்தையின் பாதம் முழுசாக விழுந்து, கணுக்கால் கொலுசும் கொஞ்சம் படுக்கை விரிப்பும் சேர்ந்து தெரியும். கிட் லென்ஸை 55-இல் வைத்து 25 செ.மீ. வரை போனால் ஆறரை செ.மீ.தான், ஐந்து விரலும் படம் முழுக்க நிற்கும், நகத்தின் ஓரம்கூடத் தெரியும். (அந்த 25 செ.மீ. லென்ஸின் முனையிலிருந்து இல்லை, உள்ளே இருக்கும் சென்சாரிலிருந்து கணக்கு. கேமராவின் மேல்பக்கம் ஒரு வட்டத்தின் நடுவே கோடு போட்ட குறி இருக்கும், அதுதான் சென்சார் இருக்கும் இடம்.) உங்கள் கிட் லென்ஸ் எந்தப் பதிப்பு என்று மட்டும் அதன் முகப்பில் படித்துப் பாருங்கள். எஃப் 4-5.6 என்று போட்டிருக்கும் பிந்தைய 18-55-ஆக இருந்தால் உருப்பெருக்கம் 0.25தான். அப்படியானால் படத்துக்குள் ஒன்பது செ.மீ. போல வரும்.

கிட் லென்ஸில் எஃப் 1.8 இல்லையே, விரல் படத்துக்கு மங்கல் பின்னணி எப்படி வரும் என்று கேட்பீர்கள். நெருக்கத்தில் அதற்கு எஃப் 1.8 தேவையே இல்லை. 0.34 மடங்கில் எஃப் 8 வைத்தால்கூட மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழம்தான் தெளிவாக இருக்கும், அதற்கு முன்னும் பின்னும் தானாகவே கரைந்துவிடும். இங்கே எஃப் 1.8 வைத்தால் கட்டை விரல் தெளிவாகவும் மற்ற நான்கு விரலும் பஞ்சாகவும் வரும். ஆகவே ஜன்னல் பக்கத்தில் குழந்தை தூங்கும்போது, எஃப் 8, ஷட்டர் வேகம் 1/125 வினாடிக்குக் கீழே போகாமல், அதற்கு ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) எவ்வளவு ஏறினாலும் ஏறட்டும் என்று விட்டு எடுங்கள். 1600 வரை இந்தக் கேமரா நன்றாகவே தாங்கும். கேமராவில் இருக்கும் ஃப்ளாஷை மட்டும் திறக்காதீர்கள், அவ்வளவு கிட்டே லென்ஸின் நிழலே பாதத்தின் மேல் விழும்.

சரி, அப்புறம் ஏன் 50 வாங்கச் சொல்கிறேன்? நம் வீட்டுக் கூடங்களில் சாயங்காலம் இருக்கும் வெளிச்சத்துக்காக. கிட் லென்ஸை 55-க்கு நீட்டினால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. அதோடு ஒப்பிட்டால் எஃப் 1.8 கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஒரு டியூப்லைட் எரிகிற அறையில் பாட்டி குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற அந்த நொடிக்கு, கிட் லென்ஸ் 1/20 என்று திணறும் இடத்தில் 50 சாதாரணமாக 1/200 தரும். பாட்டி அசையலாம், குழந்தை கையை ஆட்டலாம், படம் கலங்காது. மங்கலான பின்னணி இதோடு சேர்ந்து வருகிற லாபம். என்னைக் கேட்டால் இந்த லென்ஸ் காசுக்குத் தகுதியாவது வேகத்தால்தான்.

இன்னொரு காரணம் நிற்கிற தூரம். மூக்கு பெரிதாகத் தெரிவதும் காது பின்னால் போய்விட்ட மாதிரித் தெரிவதும் லென்ஸின் குற்றம் இல்லை, நாம் முகத்துக்கு ரொம்பக் கிட்டே போய்விட்டதால் வருவது. ஒன்றரை மீட்டர், இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் முகம் நாம் தினமும் பார்க்கிற முகமாகவே இருக்கும். உங்கள் கேமராவில் 50 மி.மீ. என்பது ஃபுல் ஃப்ரேமில் (பெரிய சென்சார் கேமராவில்) 80 போடுகிற அளவுக்குச் சமம், இரண்டு மீட்டரில் நின்றால் சுமார் 90 செ.மீ. அகலம் படத்துக்குள் வரும். தாத்தாவின் தோள்களும் மடியில் குழந்தையும் அதற்குள் அழகாக உட்காரும்.

ஆனால் வீட்டை அளந்து பாருங்கள், இதைப் பலர் செய்வதில்லை. கூடம் பத்துக்குப் பன்னிரண்டு அடி என்றால், சுவரோடு சுவராக ஒட்டினாலும் உங்களுக்கு மூன்றரை மீட்டருக்கு மேல் கிடைக்காது. ஒரு ஆளைத் தலை முதல் கால் வரை 50-இல் எடுக்கவே நாலரை மீட்டர் வேண்டும். பெயர் சூட்டு விழாவுக்கு வந்த ஆறு பேரை வரிசையாக நிறுத்தினால் மூன்று மீட்டர் அகலமாவது ஆகும், அதற்கு 50 லென்ஸில் ஆறேழு மீட்டர் பின்னால் போக வேண்டும், அதாவது தெருவுக்கு. குடும்பக் குழுப்படத்துக்குக் கிட் லென்ஸையே 24 பக்கம் வைத்து, எஃப் 5.6-இல், பகல் வெளிச்சத்தில் திண்ணையிலோ மாடியிலோ எடுங்கள். 50 வந்த பிறகும் அந்தக் கிட் லென்ஸை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை. கிட் லென்ஸை 50-இல் வைத்து, திருகு வளையத்தில் செலோடேப் ஒட்டிவிட்டு, ஒரு வாரம் வீட்டுக்குள் அப்படியே எடுத்துப் பாருங்கள். மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தால் அடுத்த வாரம் 35-இல் ஒட்டுங்கள். எது கைக்குப் பழகுகிறதோ அதை வாங்கலாம்.

உங்கள் சித்தப்பா மகன் சொல்வதும் தப்பில்லை. உண்மையான மேக்ரோ லென்ஸ் ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் எடுக்கும், அதாவது 22 மி.மீ. இடம் படம் முழுக்க நிற்கும். குழந்தையின் கண்ணிமை முடி, எறும்பு, ஒரு ரூபாய் நாணயத்தின் எழுத்து, இப்படிப்பட்ட பொருளுக்கு அது வேண்டும். கேனானின் 60 மி.மீ. எஃப் 2.8 மேக்ரோ முகத்துக்கும் அருமையான லென்ஸ், எனக்குப் பிடித்தது. ஆனால் 50-ஐப் போலச் சில மடங்கு விலை, எஃப் 1.8-இன் வெளிச்சமும் கிடைக்காது. முதல் லென்ஸாக, இரண்டு மாதக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு, நான் வெளிச்சத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன். இன்னும் கிட்டே போக ஆசை வந்தால் பின்னாளில் 50-க்கும் கேமராவுக்கும் நடுவே எக்ஸ்டென்ஷன் டியூப் போடலாம். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெறும் வளையம்தான் அது, லென்ஸைச் சற்று முன்னுக்குத் தள்ளும், அவ்வளவே. 12 மி.மீ. டியூப் போட்டால் 50 லென்ஸின் உருப்பெருக்கம் 0.45 பக்கம் வந்துவிடும். தங்க நிற மின் தொடர்பு முனைகள் இருக்கிற டியூபாகப் பார்த்து வாங்குங்கள். அது இல்லாத மலிவு ரகத்தைக் கேனானில் போட்டால் அப்பர்ச்சர் (லென்ஸுக்குள் வெளிச்சம் வரும் துவாரம்) முழுக்கத் திறந்தே நிற்கும், மாற்றவே முடியாது.

கேள்வி: 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கி எடுத்த படங்களில் பாதிக்கு மேல் கண் தெளிவாக இல்லை. காதோ மூக்கு நுனியோதான் தெளிவாக இருக்கிறது. லென்ஸில் கோளாறா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பெரும்பாலும் இல்லை. ஒரு மீட்டர் தூரத்தில், க்ராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்ன சென்சார்) கேமராவில், எஃப் 1.8 வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் மூன்று செ.மீ.கூடக் கிடையாது. முகம் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் ஒரு கண் அதற்குள், மறு கண் அதற்கு வெளியே. ஒன்றரை மீட்டருக்குப் பின்வாங்கினாலே ஆழம் ஆறு செ.மீ. ஆகிவிடும், அங்கேயே எஃப் 4 வைத்தால் பதின்மூன்று செ.மீ. பக்கம், முழு முகமும் தாராளமாக அடங்கும். எஃப் 1.8-க்குக் காசு கொடுத்தோம், அதிலேயே எடுப்போம் என்று நினைக்காதீர்கள். தனி முகத்துக்கு எஃப் 2.8, இரண்டு பேர் என்றால் எஃப் 4, இதைப் பழக்கமாக வைத்துக்கொண்டு, இருட்டில் வேறு வழியே இல்லாதபோது 1.8-க்குப் போங்கள்.

அப்புறம், ஃபோகஸ் புள்ளியைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் தானியங்கி முறையை அணைத்துவிட்டு ஒரே ஒரு புள்ளியை நீங்களே நகர்த்தி, கேமராவுக்குக் கிட்டே இருக்கும் கண்ணில் வையுங்கள். நடுப்புள்ளியில் ஃபோகஸ் பிடித்துவிட்டுக் கேமராவைத் திருப்பிச் சட்டத்தைச் சரிசெய்கிற வழக்கம் கிட் லென்ஸில் சரிப்பட்டு வரும். 1.8-இல் அந்தத் திருப்பலிலேயே கண் தெளிவு போய்விடும். இவ்வளவும் செய்தும் சரியாகவில்லை என்றால், கேமராவை ஸ்டாண்டில் வைத்து, ஒரு செய்தித்தாளைச் சாய்த்து விரித்து, நடுவில் ஒரு வரியில் கோடு போட்டு, அந்த வரியில் ஃபோகஸ் வைத்து எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே பக்கமாக, ஒரே அளவு தள்ளி விழுந்தால்தான் சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: நிக்கான் டி 5300 வைத்திருக்கிறேன். பழைய 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸைச் சல்லிசாக வாங்கினேன். ஆட்டோ ஃபோகஸ் ஆகவே இல்லை, சில சமயம் திரையில் ஏதோ எழுத்துகள் வந்து படமே எடுக்க மறுக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: லென்ஸ் நன்றாகத்தான் இருக்கும், உங்கள் கேமராவோடுதான் பொருந்தவில்லை. 1.8 டி லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. கேமராவின் வாய்ப்பகுதியில் இருக்கும் ஸ்குரூடிரைவர் முனை போன்ற ஒரு சின்னத் தண்டு சுழன்று அதை இயக்க வேண்டும். நிக்கானின் டி 3000, டி 5000 வரிசைக் கேமராக்களில் அந்தத் தண்டே இல்லை, டி 7000 வரிசையிலும் அதற்கு மேலும் உண்டு. திரையில் வருவது எஃப்.ஈ.ஈ. என்ற எழுத்துகளாக இருக்கும். லென்ஸில் இருக்கும் அப்பர்ச்சர் வளையத்தை 22-க்குத் திருப்பி, பக்கத்தில் இருக்கும் பூட்டைத் தள்ளிவிட்டால் அது போய்விடும். பிறகு கையால் ஃபோகஸ் செய்து எடுக்கலாம், சரியாக விழுந்ததும் வ்யூஃபைண்டரின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். அசையாமல் உட்காருகிற பெரியவர்களுக்கு அது போதும். ஓடுகிற குழந்தைகளுக்கு ஏ.எஃப்.-எஸ். என்று போட்டிருக்கும் 50 எஃப் 1.8 ஜி, அல்லது வீட்டுக்குள்ளேயே அதிகம் எடுப்பவர் என்றால் 35 எஃப் 1.8 ஜி டி.எக்ஸ். வாங்க வேண்டியதுதான்.

ஆனால் அந்தப் பழைய லென்ஸை விற்றுவிடாதீர்கள். 52 மி.மீ. ரிவர்ஸ் ரிங் ஒன்று வாங்கி லென்ஸைத் தலைகீழாக மாட்டுங்கள், கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று அளவில் மேக்ரோ கிடைக்கும். புதிய ஜி லென்ஸ்களில் அப்பர்ச்சர் வளையம் இல்லாததால் திருப்பி மாட்டினால் அப்பர்ச்சர் ரொம்பச் சின்னதாக மூடிக்கொள்ளும், இருட்டுதான் தெரியும். உங்கள் டி லென்ஸில் வளையத்தைத் திருப்பி எஃப் 8, எஃப் 11 என்று வைத்துக்கொள்ளலாம். வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் வேலை செய்யாது, மேனுவலில் வைத்து ஒன்றிரண்டு படம் எடுத்துப் பார்த்து வேகத்தைச் சரிசெய்ய வேண்டும். பூவின் மகரந்தம், தையல் வேலைப்பாடு, அம்மாவின் மூக்குத்திக் கல், எல்லாம் இதில் வரும். பொருளுக்கும் லென்ஸுக்கும் நான்கைந்து செ.மீ.தான் இடைவெளி இருக்கும் என்பதால் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேனான் ஆர் 50 வாங்கப் போகிறேன். மிரர்லெஸ் கேமராவுக்கும் இதே 50 எஃப் 1.8 ஆலோசனைதானா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: இங்கே என் பதில் மாறும். ஆர்.எஃப். 50 எஃப் 1.8-ம் நல்ல லென்ஸ்தான், 30 செ.மீ. வரை போகும், 0.25 மடங்கு தரும். ஆனால் ஆர்.எஃப். 35 மி.மீ. எஃப் 1.8 மேக்ரோ என்று ஒன்று இருக்கிறது, 2018-இல் வந்தது. அது 17 செ.மீ. வரை கிட்டே போய் 0.5 மடங்கு தரும், அதாவது நாலரை செ.மீ. இடம் படம் முழுக்க நிற்கும். அதே எஃப் 1.8 வெளிச்சமும் உண்டு, கை நடுக்கத்தைத் தாங்கும் ஐ.எஸ். வசதியும் லென்ஸுக்குள்ளேயே உண்டு. ஆர் 50 கேமராவின் உடலில் அந்த வசதி இல்லை என்பதால் இது பெரிய விஷயம். சின்னக் கூடத்துக்கும் 35 பொருந்தும். விலை 50-ஐ விட நிறையவே கூட, ஆனால் ஒரே லென்ஸில் நெருக்கமும் முகமும் வேண்டும் என்று கேட்பவருக்கு இதைத்தான் நான் மனதாரச் சொல்வேன். முகத்தை மட்டும் நெருக்கிப் பிடிக்கும்போது 50-ஐ விடக் கொஞ்சம் கிட்டே போக வேண்டி வரும், அப்போது தலை முழுவதையும் சட்டத்தில் நிரப்பாமல் மார்பு வரை சேர்த்து எடுத்துவிட்டு, வேண்டுமானால் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: டெரகோட்டா நகை செய்து விற்கிறேன். நிக்கான் டி 3500 இருக்கிறது. ஜிமிக்கி, பதக்கம் எடுக்க வேண்டும், வருகிற தையில் அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கும் எடுக்க வேண்டும். நிக்கான் 40 மி.மீ. மேக்ரோவா, டாம்ரான் 90 மி.மீ. மேக்ரோவா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: நகைக்கு மட்டும் என்றால் இரண்டுமே போதும். 40 மி.மீ. லென்ஸைப் பற்றிச் சொல்லப்படும் பெரிய குறை, ஒன்றுக்கு ஒன்று அளவில் லென்ஸ் முனைக்கும் பொருளுக்கும் மூன்றரை செ.மீ.தான் இடம் இருக்கும், நிழல் விழும் என்பது. பூச்சி எடுப்பவருக்கு அது உண்மையிலேயே தொல்லை. உங்கள் ஜிமிக்கியோ நான்கு செ.மீ. உயரம் இருக்கும், அதற்கு அரை மடங்கு உருப்பெருக்கமே போதும், லென்ஸும் கொஞ்சம் தள்ளியே நிற்கும். டெரகோட்டா பளபளக்காது என்பதால் கேமரா அதில் பிரதிபலிக்கும் கவலையும் இல்லை.

கல்யாணத்தை நினைத்தால்தான் வித்தியாசம். மண்டபத்தில் ஹோமத்தின் முன்னால் அப்பா அம்மாவின் முகங்களை ஓரமாக நின்று எடுக்க 90 அருமையாக இருக்கும், டாம்ரானின் 90 மி.மீ. 1979-லிருந்தே முகத்துக்கும் நெருக்கத்துக்கும் சேர்த்துப் பேர் வாங்கிய வரிசை. தலையும் தோளும் வர இரண்டே கால் மீட்டர் தள்ளி நின்றால் போதும், யாரையும் இடிக்க மாட்டீர்கள். ஆனால் அதே 90-ஐ வைத்து வீட்டுக்குள் மூன்று பேரைக்கூடச் சேர்த்து எடுக்க முடியாது. உங்களிடம் கிட் லென்ஸ் இருக்கும் என்பதால் அகலமான படங்களுக்கு அது இருக்கிறது, நீங்கள் 90 வாங்கலாம். பழைய டாம்ரான் 90-களில் மோட்டார் இல்லாத பதிப்பு உண்டு, ஈரோட்டு வாசகருக்குச் சொன்ன சிக்கல் உங்கள் டி 3500-க்கும் பொருந்தும். உங்கள் கேமராவிலேயே மாட்டி ஆட்டோ ஃபோகஸ் ஆகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணத்தைக் கொடுக்க வேண்டும்.

எந்த லென்ஸாக இருந்தாலும் நகைக்கு ஸ்டாண்ட் கட்டாயம். எஃப் 11, ஐ.எஸ்.ஓ. 100, இரண்டு வினாடி டைமர். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைச் சார்ட் அட்டையை நிறுத்தினாலே ஜிமிக்கியின் இருண்ட பக்கம் எழும்பி வரும்.

கேள்வி: கடலோரத்தில் வீடு. பழைய 50 லென்ஸ் ஒன்றை வாங்கலாமா? பூஞ்சை பிடிக்கும் என்கிறார்களே.
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: வாங்கலாம். வாங்கும்போது இரண்டு மூடியையும் கழற்றி, கைபேசி டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து மறுபக்கம் பாருங்கள். தூசு ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. சிலந்தி நூல் போலக் கிளை பிரிந்த கோடுகளோ, ஓரத்தில் பனி படர்ந்த மாதிரியோ தெரிந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகு தோல் பையிலோ துணிப் பையிலோ வைத்து அலமாரியில் பூட்டாதீர்கள், பூஞ்சைக்கு அதைவிட வசதியான இடம் இல்லை. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரப்பத மீட்டரும் போட்டு, 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஜெல் நிறம் மாறியதும் சூடேற்றி உலர்த்தி, ஆறவைத்துத் திரும்பப் போடலாம். கடற்கரையில் எடுத்துவிட்டு வந்த அன்றைக்கே லென்ஸின் உடலைச் சற்று ஈரமான துணியால் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்துவிட்டு டப்பாவில் வையுங்கள்.